பள்ளி ஆலோசகரைப் பார்க்க மகள் மறுக்கிறாள்: வேறு வழி உண்டா?

ஈசூன்வாசி:

என் மகள் சிங்கப்பூர்ப் பள்ளியொன்றில் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். மார்ச் விடுமுறைக்குப் பிறகு வயிற்றுவலி என்று வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் இருந்துவிடுகிறாள். பலதுறை மருந்தகத்தில் இருமுறை காட்டியும் உடலில் குறையொன்றும் இல்லை என்றார்கள். இதைக் கவனித்த வகுப்பாசிரியை, பள்ளி ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாடு நடந்த விதம்தான் என் மனக்குறை. கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு மாணவன் மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்க, ஆசிரியர் அதைப் பார்த்து அவள் பெயரை உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். மஞ்சள் சீட்டு எங்கிருந்து வரும் என்பது வகுப்புக்கே தெரியும். அன்று போனாள். பிறகு வந்த இரண்டு சீட்டுகளும் நான்காக மடிக்கப்பட்டு அவளுடைய பென்சில் பெட்டிக்குள் கிடந்தன.

எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஓரிருவர் எப்படிப் போதும்? போதும் என்றே வைத்துக்கொண்டாலும், கூச்சமின்றி அவர்களிடம் போக வழி என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சகோதரி, இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் சீட்டு ஒரு நிர்வாகப் பழக்கமே தவிர விதியன்று. இணைப்பாட நடவடிக்கை முடிந்த பிறகோ, அவள் எப்படியும் வகுப்பைவிட்டு வெளியே வரும் நேரத்திலோ சந்திப்பை வைக்கும்படி வகுப்பாசிரியையிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஆள் போதாது என்பது உண்மைதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2020 முதல் 2022 வரை நடத்திய ஆய்வில், 10 முதல் 18 வயதுவரை உள்ளவர்களில் மூவரில் ஒருவர் சோகம், பதற்றம், தனிமை போன்றவற்றை உணர்வதாகத் தெரிவித்தனர். ஆலோசகரின் நாளோ அவசர விவகாரங்களிலேயே கரைந்துவிடுகிறது. உங்கள் மகளைப்போல் சத்தமில்லாமல் வாடும் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். ஆலோசகரால் மட்டும் இயலாதபோது 'ரீச்' குழுவின் உதவியை அவர் நாடலாம். மருத்துவர், உளவியலாளர், சமூக ஊழியர் ஆகியோரைக் கொண்ட அந்த ஏற்பாட்டை மனநலக் கழகம் 2007இல் தொடங்கியது. அதைப் பற்றி நீங்களே வாய்திறந்து கேட்கலாம்.

இரு பிள்ளைகளின் அப்பா:

ஆலோசகர் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறோம். பிள்ளையின் வாரத்தில் அவரிடம் போக ஒரு மணி நேரமாவது மிஞ்சுகிறதா? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல், பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய 'டி-ஸ்கோர்' மதிப்பெண் இல்லை. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். காலியான அந்த இடத்தில் துணைப்பாட நிலையத்தின் 'மாதிரி அரையாண்டுத் தேர்வு' வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த ஆண்டு மூத்தவன் நகத்தை ரத்தம் வரும்வரை கடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திய பிறகுதான் என்னிடம் பேசவே தொடங்கினான்.

பாலிடெக்னிக் மாணவி:

அக்கா, நான் உயர்நிலை நான்கில் இருந்தபோது ஆலோசகரிடம் போனவள். சீட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது, நான் சொல்வது யார் காதுக்கெல்லாம் போகும் என்பதுதான். எனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பெற்றோரிடமும் பள்ளியிடமும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் முதல் நாளே விளக்கிய பிறகே வாயைத் திறந்தேன். உங்கள் மகளின் முன்னிலையிலேயே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவரைப் பள்ளிக்கு அழைத்தபோது, என் நோயைப் பற்றி ஆலோசகர் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில்தான் விழுந்தது. ஆலோசகர் ஐந்து நிமிடம் பேசியதை, "சரியாகத் தூக்கமில்லையாம்" என்ற இரண்டே சொற்களில் முடித்தேன். அம்மா நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினார். எனக்கு மேலும் நான்கு மாதங்கள் வீணாயின. கூடுதல் ஆதரவு என்று பேசும்போது, பெற்றோரிடம் தமிழில் பேசக்கூடிய ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை யாராவது எழுப்பினால் நன்றாக இருக்கும். இரவில் மனம் தாங்காவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ, தற்கொலைத் தடுப்புக்கான சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767ஐயோ எந்நேரமும் அழைக்கலாம். பேசத் தயங்கினால் இரண்டிடத்துக்கும் வாட்ஸ்அப்பில் எழுதலாம், அதற்கு வேறு எண்கள் உண்டு.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை மகளிடம் காட்டினேன். புதன்கிழமை வலைப்பந்துப் பயிற்சி முடிந்த பிறகு என்றால் போவதாகச் சொல்கிறாள். நான் மாடிப்படிவரை மட்டும் வரலாமாம். வகுப்பாசிரியைக்கு எழுதிவிட்டேன்.