பூர்வீக வளவு வீட்டை விற்கப் போகிறோம்: எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது?

வளவுவாசல் கேட்டது:

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. நாலு புள்ளி (பங்குள்ள குடும்பம்), எல்லோருக்கும் விற்கச் சம்மதம். படைப்புக்கு (முன்னோர் வழிபாடு) மட்டும்தான் திறப்பது. இரண்டாங்கட்டில் (உள்ளே இரண்டாவது பகுதி) மூன்று இடத்தில் ஒழுக்கு. பட்டாசாலைக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரைக்கல்) மங்கிக் கிடக்கிறது, நாலைந்து கல் உடைசல். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) தேக்குத் தூண்களில் பச்சை எனாமல். முகப்புச் சுவர் அடியில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது.

கையில் 2 லட்சம். காண்ட்ராக்டர் ஒருவர், சுவர் முழுக்கப் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்து, தரைமேலேயே விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால் வீடு புதுசாகத் தெரியும் என்கிறார். பொங்கல் கழித்து ஆட்களுக்குக் காட்ட எண்ணம். செய்யலாமா?

சாந்துக்கரண்டி:

டைல்ஸ், பட்டி இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள் அண்ணே. இந்த வீட்டை வாங்க வருகிறவர் பழையதைத்தான் தேடி வருகிறார். அதை மூடிவிட்டு விலை கேட்டால் மனைக்கட்டு விலைதான் கிடைக்கும்.

முதல் காசு ஓட்டுக்கு. பகலில் கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் தெரியாமலே ஒழுகினால், கீழ் வரிசை ஓட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போங்கள். மேலிருந்து ஊற்றினால் எந்த வரிசையில் இறங்குகிறது என்று பிடிபடாது. வளவைச் சுற்றி இரண்டு சரிவு சேரும் கூடுவாய்களை அவசியம் பாருங்கள். இலைச்சருகும் எலிக்கூடும் அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் ஏறி இறங்குவதுதான் பாதி ஒழுக்குக்குக் காரணம். ஆள் நேராக ஓட்டில் மிதித்தால் மூன்று ஒழுக்கு முப்பதாகும். குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். மாற்று ஓடு இடித்த வீட்டு ஓடாக இருக்கட்டும். புது ஓடு அளவு மாறினால் பக்கத்து வரிசையைத் தூக்கிவிடும். முகட்டை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலவையில் பூசுங்கள். தனிச் சிமெண்ட் சுருங்கி வெடித்து, அந்த வெடிப்பில் அடுத்த மழையே இறங்கும்.

முகப்பில் உப்புப் பூப்பது சுவரின் நோய் இல்லை, தண்ணீரின் நோய். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா, முற்றத்துத் தூம்பு (வடிகால்) அடைத்திருக்கிறதா பாருங்கள். முற்றத்தில் நாலு குடம் கொட்டினால் தேங்காமல் வெளியே போக வேண்டும். அதைத் தீர்த்தபின், அங்கே யாராவது வைத்த சிமெண்ட் ஒட்டு இருந்தால் ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, சில வாரம் ஆறவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சு விடாது, அடுத்த ஐப்பசி மழையில் அப்பளமாக உரியும்.

உள்ளே வழவழவென்று இருக்கும் முட்டைச் சாந்துச் (முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) சுவரில் உப்புத்தாளே படக்கூடாது. பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், பளபளப்பு தானே தெரியும். மற்றச் சுவர்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரப் பசை கரைத்து ஊற்றி, மூன்று மெல்லிய கை அடியுங்கள். ஒரே கையில் கெட்டியாக அடித்தால் தொட்டால் ஒட்டும்.

கல்லும்தேக்கும்:

தரைக்கு ஆசிட், பிளீச்சிங் இரண்டும் ஆகாது. ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடிமேல் வார்த்த சிமெண்ட். பூவும் நிறமும் மேலே சில மில்லிமீட்டர் மட்டும்தான். ஆசிட் அதை அரித்துவிடும், மெஷின் பாலிஷ் சீவி எடுத்துவிடும். வெந்நீரில் சாதாரண சோப்புக் கரைசல், நைலான் நார், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர். நன்றாகக் காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நின்றால் தூசி ஒட்டும், பார்க்க வருகிறவர் வழுக்குவார்.

உடைந்த கல்லுக்கு ஒரு சில்லை ஆத்தங்குடிக்குக் கொண்டுபோய்க் காட்டி வார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் ஊறிக் கெட்டிப்படவே நாளாகும் என்பதால் இதை முதலிலேயே ஆர்டர் கொடுங்கள். புதுக்கல் பளிச்சென்று நிறம் தூக்கிக் காட்டும். அதனால் நெல் பத்தாயத்துக்கு அடியில், மூலை அறையில் இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்துப் பட்டாசாலையில் பதித்து, புதுசை அந்த மூலையில் பதியுங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம், மரச்சுத்தியால் தட்டி இறக்கலாம்.

தூணை உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்க்கவோ ஊதுவிளக்கால் சுடவோ கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, இழை ஓட்டத்திலேயே சுரண்ட வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெயும் டர்பெண்டைனும் சரிபாதி, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும், தண்ணீர் வாளியில் போடுங்கள். எல்லாத் தூணுக்கும் கூலி கட்டாது என்றால் ஒரு தூணில் ஒரு சாண் மட்டும் சுரண்டிப் பர்மாத் தேக்கைக் காட்டுங்கள். தெரிந்தவருக்கு அது போதும்.

தேக்குக்குப் பயமில்லை. ஓட்டுச் சட்டமும் கதவின் அடிநிலையும்தான் கரையானுக்கு வாய்ப்பானவை. தட்டினால் பொக்கென்று கேட்கும். இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து லிட்டருக்கு 2.1 மில்லி. சுவரோரம் அடிக்கு ஒரு துளை போடுவது வழக்கம், ஆனால் உங்கள் தரையில் துளை போட விடாதீர்கள். வெளிப்பக்க மண்ணில் ஊற்றச் சொல்லுங்கள், கிணற்றுப் பக்கம் வேண்டாம். உடைந்த கீல், தாழ்ப்பாளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அதே காலத்துச் சாமான் கிடைக்கும்.

வளவுவாசல்:

மிக்க நன்றி. வடக்குப் பத்தி அறை ஒன்றில் ஏற்கெனவே எமல்ஷன் அடித்துவிட்டோம். வயரிங் சுவர்மேல் மரப்பட்டியில் ஓடும் பழையதுதான். மாற்றவா?

சாந்துக்கரண்டி:

எமல்ஷன் குமிழ் விட்ட இடத்தை மட்டும் சுரண்டுங்கள், மீதியைத் தொட வேண்டாம். வயரிங்கைச் சுவரில் கொத்தி மறைத்தால் சாந்து போய்விடும். வாங்குகிறவர் எப்படியும் தன் தேவைக்கு மாற்றுவார். இப்போதைக்கு எர்த்தைச் சோதித்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி) ஒன்று போட்டால் காட்டும் நாளில் விளக்குப் போடத் தைரியம் வரும்.

பத்திரஎழுத்து:

வேலை தொடங்குமுன் ஒன்று. நாலு புள்ளி என்றால் வாரிசுகள் எத்தனை பேர் என்று எழுதிப் பாருங்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் வில்லங்கம்தான். மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, பட்டாவில் பெயர், 30 வருஷ வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்துவையுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்க வேண்டும்.

பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பெட்டகம், சாமி அறைச் சாமான் இதெல்லாம் வீட்டோடு போகிறதா, புள்ளிகளுக்கா என்று அட்வான்ஸ் வாங்குமுன் பட்டியல் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு என்று முடிவானதைக் காட்டுமுன்பே எடுத்துவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்து விலை சொன்னவர், பதிவன்று அது இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் குறைப்பார்.