வைட்டமின் டி மருந்து: 1 மில்லிக்கு 20 சொட்டு சரியா?

நிலா அம்மா:
பாப்பாவுக்கு மூன்று மாதம். வைட்டமின் டி தினமும் 1 மில்லி, அதாவது 400 யூனிட் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். இங்கே வாங்கிய பாட்டில் தீர்ந்துவிட்டது, அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அதில் கோடு போட்ட டிராப்பர் இல்லை, கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. 1 மில்லிக்கு 20 சொட்டு என்கிறார்களே, அப்படி எண்ணிக் கொடுக்கலாமா?

மருந்துக்கடைக்காரர்:
கொடுக்காதீங்க. முதலில் லேபிளைப் படியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 1 மில்லியில் 400 யூனிட், சிலவற்றில் 800. அங்கே விற்கும் சில பாட்டில்களில் ஒரே ஒரு சொட்டிலேயே 400 யூனிட் இருக்கும், 20 சொட்டு விட்டால் 8000 ஆகிவிடும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1000 யூனிட்தான் உச்ச வரம்பு, தொடர்ந்து அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். டிராப்பர் குழப்பத்தால் குழந்தைகளுக்கு அளவு கூடிவிடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2010இல் எச்சரித்தது.

வார்டு சிஸ்டர்:
20 சொட்டு என்பது தண்ணீருக்குச் சொல்லும் தோராயக் கணக்கு. சொட்டின் அளவு குழாய் முனையின் அகலத்தையும் திரவத்தின் பரப்பு இழுவிசையையும் பொறுத்தது. எண்ணெய்ச் சொட்டு சின்னது, ஆல்கஹால் சொட்டு அதைவிடச் சின்னது, ஒரே முனையில் விட்டாலும் தண்ணீர்ச் சொட்டில் பாதிகூடத் தேறாது. டிரிப்ஸ் செட்டிலும் அப்படித்தான், சாதாரண செட்டில் 20 சொட்டு 1 மில்லி, குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் 60 சொட்டு, அது உறையிலேயே அச்சடித்திருக்கும்.

நிலா அம்மா:
பார்த்துவிட்டேன், ஒரு சொட்டுக்கு 400 யூனிட் என்றுதான் போட்டிருக்கிறது! நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. அப்போ ஒரு சொட்டு போதுமா?

மருந்துக்கடைக்காரர்:
சீட்டில் உள்ள 400 யூனிட்டுக்கு அந்த ஒரு சொட்டுதான் கணக்கு. ஆனாலும் பாட்டிலைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். காய்ச்சல் மருந்திலும் இதே கவனம் வேண்டும். பாராசிட்டமால் டிராப்ஸ் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப் என்றால் 5 மில்லியில்தான் 120 அல்லது 125. ஒன்றின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், காய்ச்சல் மருந்துக்குச் சீட்டில் மில்லி என்று இருந்தால் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.