செட்யூஐடி கோப்புகள் ஒன்றுகூடச் சிக்கவில்லை, அவசரம்

வடக்குவாசல்: நாளை காலை தணிக்கைக்கு ஆள் வருகிறார். சர்வரிலுள்ள செட்யூஐடி கோப்புகளின் (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுபவை) பட்டியல் வேண்டுமாம். கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளையில் செட்யூஐடிக்கான அனுமதி எண் 4000ஐக் கொடுத்துத் தேடினால் வெறுமையாக வருகிறது. பழைய சர்வரில் இதே ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடியது.

சாமக்கோழி: எந்த லினக்ஸ்? ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டினீர்களா? அடித்த கட்டளையை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

ஈயம்பூசி: வட்டுப் பகுதியை நோசூயிட் விருப்பம் போட்டு மவுண்ட் செய்திருப்பார்கள் (இணைத்திருப்பார்கள்). அதுதான்.

சாமக்கோழி: நோசூயிட் அந்த செட்யூஐடி பிட்டை (அனுமதிக் குறியை) செயல்பட விடாது, அவ்வளவுதான். ஃபைண்டின் கண்ணுக்கு அது தெரியத்தான் செய்யும்.

ஈயம்பூசி: எதற்கும் மவுண்ட் பட்டியலைப் பார்க்கட்டுமே.

மூத்தவன்: கையேட்டைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லாதவர்களிடம் சர்வரைக் கொடுத்துவிடுகிறார்கள். வெறும் 4000 என்றால் அனுமதி சரியாக 4000 ஆக இருக்கும் கோப்பு மட்டுமே வரும். சூடோ, பாஸ்வேர்டு கட்டளைகளெல்லாம் 4755, அதாவது செட்யூஐடியோடு மற்ற அனுமதிகளும் சேர்ந்தவை. எப்படிச் சிக்கும்?

வடக்குவாசல்: உபுண்டு 22.04, ரூட்தான். ஸ்கிரிப்டில் +4000 என்று இருந்தது. பிழை காட்டியதால் கூட்டல் குறியை நீக்கினேன்.

சாமக்கோழி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! குனு ஃபைண்ட் அந்தக் கூட்டல் குறியைக் கைவிட்டு நாளாகிறது. இப்போது சாய்கோடு:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -பெர்ம் /6000 -எல்எஸ்

செட்யூஐடி, செட்ஜிஐடி (குழுவின் அதிகாரத்தோடு ஓடுவது) இரண்டில் எது இருந்தாலும் வரும். -6000 என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்திருப்பவை மட்டும். எக்ஸ்டெவ் கொடுத்தால் வேறு வட்டுப் பகுதிக்குள் போகாது. ஹோம் தனியாக இருந்தால் அங்கே இன்னொரு முறை ஓட்டுங்கள். செட்யூஐடி என்றால், உரிமையாளரின் இயக்கும் அனுமதியான எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிறிய எஸ் தெரியும். பெரிய எஸ் என்றால் பிட் உண்டு, இயக்கும் அனுமதி இல்லை.

ஈயம்பூசி: ஷெல் ஸ்கிரிப்டில் இந்த பிட் இருந்தால் ஆபத்துதானே?

மூத்தவன்: ஸ்கிரிப்டில் அந்த பிட் இருந்தால் லினக்ஸ் கர்னல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. செட்யூஐடிக்கு, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பெயரில் 1979இல் காப்புரிமையே கிடைத்தது. அதுவாவது தெரியுமா?

ஈயம்பூசி: காப்புரிமைக்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

சாமக்கோழி: சண்டையை விடுங்கள். வடக்குவாசல், கேபபிலிட்டி (ரூட் அதிகாரத்தின் ஒரு பகுதி மட்டும்) தரப்பட்ட கோப்புகளைக் காட்டும் கெட்கேப் -ஆர் / என்பதையும் ஓட்டுங்கள். பிணைய இணைப்பைச் சோதிக்கும் பிங் இப்போது செட்யூஐடி இல்லாமல் கேபபிலிட்டியில் ஓடுகிறது. ஃபைண்டின் பட்டியலில் அது வராது.

வடக்குவாசல்: வந்துவிட்டது, நன்றி. தற்காலிகக் கோப்புகளுக்கான /வார்/டிஎம்பி அடியில் ரூட் பெயரில் ஒன்று கிடக்கிறது. நீக்கிவிடுகிறேன்.

சாமக்கோழி: தொடாதீர்கள்! முதலில் கோப்பின் விவரம் காட்டும் ஸ்டாட் கொடுத்து நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், நகல் எடுங்கள். அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் கொடுத்தாலே சிடைம் (கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம்) மாறிவிடும்.

சாமக்கோழி: இருக்கிறீர்களா?

ஈயம்பூசி: அந்த இடத்தை நோசூயிட் போட்டு மவுண்ட் செய்திருந்தால் இந்த வம்பே இல்லை. என் பேச்சை யார் கேட்கிறார்கள்!