சாந்தினி சௌக்கில் பழைய கேனான் கேமரா பாடி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

டெல்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் என் கேனான் 1300டி கேமரா கீழே விழுந்து எரர் 20 காட்டுது, ஷட்டர் நகரலை. 18-55 லென்ஸும் இரண்டு எல்பி-இ10 பேட்டரியும் தப்பிச்சிருச்சு. அதனால் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் போதும்: 1200டி, 1300டி, 1500டி எதுவானாலும் சரி, மூன்றுக்கும் அதே பேட்டரிதான். 3000டி வேண்டாம், அதில் லென்ஸ் மாட்டும் வளையம் (மவுண்ட்) பிளாஸ்டிக். நிக்கான் மலிவாகக் கிடைத்தாலும் லென்ஸுக்குத் தனியாக அழணும். கையில் 12,000 ரூபாய்.

சனிக்கிழமை சாந்தினி சௌக்கில் இருக்கும் கேமரா சந்தையான கூச்சா சவுத்ரி மார்க்கெட் போறேன், ஞாயிறு கடை அடைப்பு. இந்த மாடல்கள் ஷட்டர் கவுன்ட்டை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்குங்கற கணக்கை) படக் கோப்பில் எழுதாது. கடைக்காரர் சொல்லும் "ஐயாயிரம் கிளிக்தான்" வெறும் வாய்ப்பேச்சு. அதனால் 1/4000 நொடி ஷட்டர் வேகத்தில் பத்துப் படம் எடுத்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுதான்னு பார்ப்பேன். லென்ஸ் துளையை எஃப்/22க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் அழுக்கு தெரிஞ்சிடும். கைப்பிடி ரப்பர் உப்பியிருந்தாலும் வேண்டாம்.

தெரியாதது இதுதான்: அங்கே பழைய பாடிக்கு சீரியல் எண் போட்ட பில்லும் ஒரு வார மாற்று வாரண்டியும் தருவாங்களா? எந்தப் பக்கக் கடைகளில் கேட்கலாம்? இந்த விலைக்கு 1500டி படியுமா? இந்தியில் பேரம் பேசத் தெரிந்த யாராவது கூட வந்தால் பெரிய உபகாரம், டீயும் ஜிலேபியும் என் செலவு.