இரண்டு சுழி ‘ன’: என் புனைபெயர் வந்த கதை

புனைபெயரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று இங்கே பலரும் எழுதியிருப்பதை வரிசையாகப் படித்துவிட்டு வந்தேன். என் அனுபவம் சற்று மாறுபட்டது. நானே தேர்ந்தெடுத்த பெயர் இரண்டு கதைகளுக்குமேல் என்னோடு நிற்கவில்லை. ஒருவரிடம் கேட்டுப் பெற்ற பெயர்தான் பதினோரு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

என் சொந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். முன்னெழுத்தைச் சேர்த்தாலும் குழப்பம் தீராது என்று தெரிந்ததால் வேறு பெயர் வேண்டியிருந்தது. இது புதிய சிக்கல் அன்று. ரங்கராஜன் என்ற பெயரில் வேறொருவர் எழுதிவந்ததால்தான் எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். எனக்கு அந்த வழி அப்போது தோன்றவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சொற்களைத் தேடினேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்தேன். எஞ்சிய அந்த ஒன்று இனிய ஓசையும் நல்ல பொருளும் கொண்டது. அந்தப் பெயரில் முதல் கதை வெளியான சில வாரங்களில் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அன்பான, நீளமான கடிதம். அதைப் படித்து முடிக்கும்வரை, வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்டவனைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் இந்தப் பெயர் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, கேட்க நன்றாக இருந்தது என்பதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் கதையோடு அந்தப் பெயரை விட்டுவிட்டேன்.

அதன்பின் ஓராண்டு எதையும் வெளியீட்டுக்கு அனுப்பவில்லை. பிறர் எப்படிப் பெயர் பெற்றார்கள் என்று தேடிப் படித்தது அந்த ஆண்டில்தான். சிறுகதையாசிரியர் எஸ். மணிக்கு மௌனி என்ற பெயரைச் சூட்டியவர் மணிக்கொடி இதழின் பி.எஸ். ராமையா. ஜார்ஜ் எலியட் என்று அறியப்படும் ஆங்கில நாவலாசிரியர் மேரி ஆன் எவன்ஸ் 1857-இல் தம் முதல் புனைகதைகளை வெளியிட்டபோது, துணைவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸின் பெயரிலிருந்து ஜார்ஜை எடுத்துக்கொண்டு, வாய் நிறையச் சொல்லத்தக்க எளிய சொல் என்பதற்காக எலியட்டைச் சேர்த்துக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. இந்தப் பெயர்கள் அகராதியிலிருந்து வந்தவை அல்ல; ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதுபவருக்கு நெருக்கமான ஓர் ஆள் நிற்கிறார். என் பட்டியலில் இருந்த நாற்பது பெயர்களில் ஒன்றின் பின்னாலும் யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு ஐந்து வயதானபோது ஒரு தங்கை பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஒரு புகைப்படமும் கிடையாது. ஆனால் அம்மா அவளுக்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார். ஏதேனும் பேச்சினிடையே, “அவ இருந்திருந்தா இப்போ கல்லூரி முடிச்சிருப்பா” என்று பெயரைச் சொல்லித் தொடங்குவார். உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். முப்பது ஆண்டுகளில் அந்தப் பெயரை நான் இருபது முறை கேட்டிருந்தால் அதிகம். ஓர் இரவு, எழுதி முடித்த கதையின் அடியில் பெயருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தபோது, கை தானாக ‘வாணி’ என்று எழுதியது. எழுதியதை உடனே அடித்தேன். அது என்னுடையது அன்று. கேட்காமல் எடுக்கக் கூடாது என்று தோன்றியது.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றும் அடுத்த நாளும் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டிருக்கவே கூடாது என்று நான் மனம் நொந்திருந்த மூன்றாம் நாள் காலையில், நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். நீல மையில், அழுத்தி எழுதிய இரண்டே எழுத்துகள்: வானி. இடப்பக்க ஓரத்தில், எழுதிப் பார்த்துப் பழகியதுபோல, அதே பெயர் சிறிய எழுத்தில் மூன்று முறை இருந்தது.

நான் அதுவரை அந்தப் பெயரைக் காதால் மட்டும்தான் கேட்டிருந்தேன். எழுத்தில் பார்த்ததே இல்லை. ஆகையால் எல்லோருக்கும் தெரிந்த ‘வாணி’ என்றே மனத்தில் வைத்திருந்தேன். “மூணு சுழி இல்லப்பா, ரெண்டு சுழி” என்றார். கருவுற்றிருந்தபோது கடைசி ஏழு வாரம் எழுந்து நடமாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், படுத்த இடத்திலிருந்து சன்னல் வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் வானம் மட்டுமே. அதைப் பார்த்துக்கொண்டே வைத்த பெயர் அது. இத்தனை ஆண்டுகளில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அன்று நாங்கள் இருவரும் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “எழுத்தை மட்டும் மாத்திடாதே” என்பதே அவர் அளித்த ஒப்புதல்.

அந்த ஒரே நிபந்தனையைத்தான் காப்பாற்ற முடியாமல் போனது. புதிய பெயரில் வெளியான முதல் கதையை, பிழையைத் திருத்துவதாக எண்ணி, இதழாசிரியர் ‘வாணி’ என்று அச்சிட்டுவிட்டார். அவர் நல்லெண்ணத்தில் செய்தது என்று தெரிந்தும், அந்த இதழை அம்மாவிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படைப்போடும், பெயரில் உள்ளது இரண்டு சுழி ன, அது பிழையன்று, திருத்த வேண்டாம் என்று தனிக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது கதைக்கு முன்னால் பெயரைத்தான் பார்க்கிறேன். வழக்கமான பெயரிலிருந்து ஓர் எழுத்து மாறியிருக்கும் புனைபெயரை வைக்க எண்ணுபவர்கள் இந்த உழைப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு: ‘வாணி’ என்று இணையத்தில் தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள், இந்தப் பெயரில் தேடுபவர் என்னிடம் எளிதில் வந்து சேர்கிறார்.

பெண் பெயரில் எழுதும் ஆண் என்பதால் இன்னொன்றையும் நேர் செய்ய வேண்டியிருந்தது. ‘அன்புச் சகோதரி’ என்று தொடங்கிய கடிதங்கள் வந்தன. ஒரு பெண் வாசகர், பெண்ணாக இருப்பதால்தான் உங்களால் இதை எழுத முடிந்தது என்று எழுதி, தம் சொந்த வாழ்க்கையின் துயரம் ஒன்றையும் நம்பிப் பகிர்ந்திருந்தார். அந்த நம்பிக்கை தவறான ஆளின்மேல் வைக்கப்பட்டது. நான் யாரென்று அவருக்கு அன்றே எழுதினேன். அடுத்து வந்த தொகுப்பின் ஆசிரியர் குறிப்பிலும் அதைத் தெளிவாகச் சேர்த்தேன். பெயர் எனக்கு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும், படிப்பவரை ஏமாற்றும் உரிமையை அது எனக்குத் தரவில்லை என்றே கருதுகிறேன். அடையாளம் வெளிப்பட்டால் ஆபத்து நேரும் என்ற நிலையில் பெயரை மறைத்து எழுதுபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நான் அறிவுரை சொல்ல முடியாது.

புனைபெயரில் எழுதுபவர்கள் பதிப்பாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் சட்டப்படியான பெயரையும் புனைபெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை, ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் என்பதைப் பதிப்புரிமையின் பொதுவான குறைந்தபட்சக் காலமாக வைக்கிறது. புனைபெயரில் வந்த படைப்பாக இருந்து, ஆசிரியர் யாரென்று தெரியாமலே போனால், அது வெளியானதிலிருந்து 50 ஆண்டுகள் என்று சுருங்கிவிடுகிறது. பல நாடுகள் இதைவிடக் கூடுதலான காலத்தைத் தருகின்றன என்றாலும், அடையாளத்தைப் பதிந்து வைப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

எழுத்துப் பயிலரங்கம் ஒன்றில் சந்தித்த பெண் எழுத்தாளர் தம் பாட்டியின் பெயரை அப்படியே சூடிக்கொண்டவர். குடும்பச் சண்டை ஒன்றை மையமாகக் கொண்ட கதை அந்தப் பெயரில் வந்ததும், பாட்டியே எழுந்துவந்து எங்களைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது என்று உறவினர்கள் வருந்தினார்களாம். பாட்டி உயிரோடு இல்லாததால் யாரைக் கேட்பது என்று தமக்குத் தெரியவில்லை என்றார். அவர் பெயரை மாற்றவில்லை. பெயருக்குப் பின்னால் தம் தாயின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அவர் அதைச் சொன்னபோது, மடித்த அந்தத் தாள் என்னிடம் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஏழு வாரங்களையும் அந்தச் சன்னலையும் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன், அம்மாவுக்கும் தெரியும். பாதிவரை வந்துவிட்டது. பிறந்து இறந்த குழந்தையின் கதையை அந்தக் குழந்தையின் பெயரிலேயே வெளியிடுவது முறையா, அல்லது இந்த ஒரு கதைக்கு மட்டும் என் சொந்தப் பெயரைப் போட வேண்டுமா என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டால், முதலில் எழுதி முடி என்கிறார். தமக்கு நெருக்கமானவரின் பெயரைச் சூடிக்கொண்டு, அவரைப் பற்றியே எழுத நேர்ந்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் எந்தப் பெயரில் கையெழுத்திட்டீர்கள் என்று சொல்லுங்கள்.