வேட்டை மீனா, உறுமீனா, கோள்மீனா?

ரங்கூனிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். கோயில் தமிழ் வகுப்புப் பசங்க மீன்தொட்டி பத்தி ஒரு கையேடு எழுதுறாங்க, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். மத்த மீனைப் பிடிச்சுத் தின்னுற பெரிய மீனுங்க இருக்கே, விரால், வாளை, அரோவானா, அதுகளை வீட்டுல வளக்கிறது பத்தி தனியா ஒரு பகுதி. அதுக்குத் தலைப்பு வைக்க ஒரு சொல் வேணும். பாடப்புத்தகத்துல 'கொன்றுண்ணி'ன்னு இருக்கு, ஆனா பள்ளிக்கூடத்துல பர்மியம், வீட்டுல மட்டும் தமிழ்னு வளர்ற பசங்க அதைப் பிரிச்சுப் படிக்கவே திணறுறாங்க. அப்படியே, இரையா உசிரோட போடுற சின்ன மீனுக்கும் ஒரு சொல் சொல்லுங்க.

மோல்மேனிலிருந்து:
புதுசா எதுக்கு ஐயா, சொல்தான் இருக்கே. உறுமீன். 'ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்'னு மூதுரையில நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணினதுதான். உறு, தவ, நனி மூணும் மிகுதியைக் குறிக்கும்னு தொல்காப்பியம் உரியியல் சொல்லுது, அப்போ உறுமீன்னா ரொம்பப் பெரிய மீன். நம்ம பக்கத்துத் தனிந்தாரி அரோவானாவை 2012ல தனி இனம்னு சொல்லி ஸ்கிலெரோபேஜஸ் இன்ஸ்கிரிப்டஸ்னு பேர் வச்சாங்க, செதிள் மேல எழுத்து பொறிச்ச மாதிரி வரி இருக்குங்கிறதால. அதைப் 'பொறி உறுமீன்'னே சொல்லலாம், கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு.

தட்டோனிலிருந்து:
அண்ணே, அந்தப் பாட்டுல உறுமீன் கொக்கு வாய்க்குள்ள போற மீன். இரையோட பேரைக் கொண்டுபோய் இரை பிடிக்கிறதுக்கு எப்படி வைக்கிறது? அதுவும் இல்லாம பெருசா இருக்கிறது வேற, கொன்னு தின்னுறது வேற. கட்லா ஒரு மீட்டருக்கு மேலகூட வளரும், ஆனா தண்ணியில மிதக்குற நுண்ணுயிரைத்தான் வடிச்சுத் தின்னும். கையேட்டைப் படிக்கிற பையனுக்கு முதல்ல தெரிய வேண்டியது, வாய்க்குள்ள அடங்குற எதையும் இந்த மீன் விழுங்கிடும், அழகா இருக்குன்னு சின்ன மீனோட சேத்து விட்டா காலையில ஒண்ணும் மிஞ்சாது. வாளை ஒரு மீட்டருக்கு மேல போகும், வீட்டுத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. விரால் எகிறிக் குதிச்சிரும், கனமான மூடி போடணும். கரண்ட் போய் ஃபில்டர் நின்னாலும் விரால் மேல வந்து காத்தை இழுத்துப் பொழச்சுக்கும், ஆனா ரொம்ப நேரம் ஆச்சுன்னா ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியா செத்து அமோனியா ஏறிடும், இந்த மீனுங்களுக்குக் கழிவும் ஜாஸ்தி. இரைக்குத் தினமும் கோல்டுஃபிஷ் போடாதீங்கன்னும் கட்டாயம் எழுதச் சொல்லுங்க, அதுல தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, வைட்டமின் பி1ஐ அழிச்சிடும். என் ஓட்டு 'வேட்டை மீன்'. இரைக்கு 'இரைமீன்' போதும்.

பெகுவிலிருந்து:
வேட்டை மீன் எனக்கு ஒப்பல. வேட்டைநாய்னா நமக்காக வேட்டையாடுற நாய், வேட்டை மீன்னா தூண்டில்காரனுக்கு உதவுற மீனா? நான் சொல்றது கோள்மீன். கொள் நீண்டு கோள், முதனிலை திரிந்த தொழிற்பெயர், பிடிக்கிறதுன்னு பொருள். குறுந்தொகையில முதலையைக் 'கோள்வல் ஏற்றை'ன்னு சொல்றாங்க, பிடிக்கிறதுல வல்ல ஆண் முதலை. முதலைக்குப் பொருந்தினது வாளைக்குப் பொருந்தாதா?

ரங்கூனிலிருந்து:
ஐயா, பட்டினப்பாலையில 'நாள்மீன் விராய கோள்மீன்'னு வருதே, அங்க நாள்மீன் நட்சத்திரம், கோள்மீன் கிரகம். பசங்க அறிவியல்லயும் கோள்னா செவ்வாய், வியாழன்தான். தொட்டிக்குள்ள வியாழனை விட்டுட்டாங்கன்னு நினைப்பாங்க.

பெகுவிலிருந்து:
கிரகத்துக்கும் கொள்-தான் வேர், ஒளியைக் கொள்றதால கோள்னு சொல்றவங்க உண்டு. ஒரே வேர் ரெண்டு இடத்துல விளங்குறது மொழிக்குச் செல்வம், அதை ஏன் குழப்பம்னு சொல்லணும்? பசங்களுக்குத் தெரியாதுன்னு ஒவ்வொரு சொல்லா விட்டுக்கிட்டே வந்தா இந்த ஊர்ல கடைசியில எது மிஞ்சும்?

மோல்மேனிலிருந்து:
பசங்க வாயில வர்றது ஙாயன், ஙாபத்துதான். பர்மியத்துல மீனுக்கு ஙா, விராலுக்கு ஙாயன், வாளைக்கு ஙாபத். அதையே அடைப்புக்குள்ள தமிழ் எழுத்துல போட்டுடலாமே?

பெகுவிலிருந்து:
ங மொழிக்கு முதல்ல வராதுங்கிறது தொல்காப்பியம். நன்னூல் இடம் குடுக்கிறதும் அங்ஙனம், இங்ஙனம், யாங்ஙனம் மாதிரி சுட்டு, வினாவுக்குப் பின்னாலதான்.

தட்டோனிலிருந்து:
பெயர்ச்சொல்லை ஒலிப்படி எழுதுறதுக்கு நன்னூலைக் கேக்க வேண்டாம் ஐயா. சந்தையில அந்தப் பேரைச் சொன்னாத்தான் மீன் கிடைக்கும், பையன் அதைப் படிச்சுட்டுத்தான் கடைக்குப் போவான்.

ரங்கூனிலிருந்து:
நாளைக்கு அச்சு. தனி மடல்ல எழுதினவங்களையும் சேத்தா பெரும்பாலானவங்க வேட்டை மீன்னுதான் சொல்றாங்க, அதையே தலைப்புல போடுறேன். இரைமீன்ல யாருக்கும் மறுப்பில்ல. பர்மியப் பேரு அடைப்புக்குள்ள வரும். உறுமீனை ரொம்பப் பெருசா வளர்றதுக்கு மட்டும், உள்ளே ஒரு இடத்துல வச்சிருக்கேன், மோல்மேன் அண்ணனுக்குச் சரிதானே?

பெகுவிலிருந்து:
போடுங்க, பசங்க வேலை நிக்கக் கூடாது. ஆனா என் மறுப்பு இங்க பதிவாகணும். கோள்மீன் வேண்டாம்னா கொல்களிறு, கொல்புலி மாதிரி வினைத்தொகையா 'கொல்மீன்'னாவது வச்சிருக்கலாம், நாலே எழுத்துதான் கூட்டிப் படிக்கணும், எந்தப் பையனுக்கும் புரியும். அடுத்த பதிப்பு வரும்போது இதைத் திரும்பவும் எடுப்பேன்.