அமெரிக்க மாநிலங்களின் பேரிடர் உதவி உடன்படிக்கை: மனம் இருந்தால் போதாதா, சட்டம் எதற்கு?

கேள்வி:
பொது நிர்வாகத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். அமெரிக்காவில் பெரும்புயல் அடித்தால் மற்ற மாநிலங்கள் ஆட்களையும் தளவாடங்களையும் அனுப்புவது ‘ஈமேக்’ எனப்படும் உடன்படிக்கையின்கீழ் நடக்கிறது என்று படித்தேன். கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ‘ஃபெமா’ இருக்கும்போது, மாநிலங்கள் தமக்குள் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டிய தேவை எப்படி வந்தது? பெரியோர் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு புளோரிடாவைச் சிதைத்தபோது, கூட்டாட்சி உதவி வந்து சேரத் தாமதமானது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன்பின் புளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ், தென்மாநில ஆளுநர்களிடம் இந்த யோசனையை முன்வைத்தார். 1993இல் தென்மாநிலங்களுக்குள் உருவான ஏற்பாடு பின்னர் எல்லா மாநிலங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மாநிலங்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் இசைவு தேவை என்று அந்நாட்டு அரசமைப்பு கூறுவதால், 1996இல் அந்த இசைவும் பெறப்பட்டது. இன்று 50 மாநிலங்களும் இதில் உறுப்பினர்கள்.

பதில் 2:
வரலாறு சரி. ஆனால் ‘சட்டம் எதற்கு’ என்பதற்கான விடை ரசீதுகளில் இருக்கிறது. அவற்றைச் சரிபார்க்கும் வேலையில் சில காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஜார்ஜியாவில் உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவர் புளோரிடாவின் நிவாரண முகாமில் சிகிச்சை அளித்தால் அந்த உரிமம் அங்கே செல்லுமா, அவர் நல்லெண்ணத்தோடு செய்த செயலில் பிழை நேர்ந்தால் வழக்கு யார்மீது பாயும், அவரே படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டால் இழப்பீடு யார் தருவது என்ற மூன்று கேள்விகளுக்கும் வெள்ளம் முழங்காலளவு நிற்கும்போது விடை தேடிக்கொண்டிருக்க முடியாது. உடன்படிக்கை இவற்றை முன்கூட்டியே தீர்த்து வைக்கிறது. உதவி கேட்ட மாநிலம் உரிமத்தை ஏற்கிறது. பிழைக்காகத் தொடுக்கப்படும் வழக்கைப் பொறுத்தவரை வந்தவர் அம்மாநிலத்தின் முகவராகவே கருதப்படுகிறார் (கடும் அலட்சியத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது). காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் அனுப்பிய மாநிலமே தருகிறது.

செலவை முதலில் அனுப்பிய மாநிலம் ஏற்றுக்கொண்டு, பிறகு கணக்கு அனுப்பித் திரும்பப் பெறுகிறது. விரும்பினால் விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். இங்கேதான் இழுபறி. சட்டைப்பையில் பல நாள் கிடந்து எழுத்து மங்கிப்போன டீசல் ரசீது ஒன்றுக்காக நாங்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தால், புயலே தேவலாம் என்று தோன்றும். வாய்மொழியாக உதவி கேட்டாலும் 30 நாளுக்குள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்ற விதியின் அருமை அப்போதுதான் புரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. வந்தவர்கள் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவார்கள்? காவலர்கள் வந்தால் கைது செய்யலாமா?

பதில் 3:
அன்றாடக் கட்டுப்பாடு அவரவர் தலைமையிடமே இருக்கும். களத்தில் எங்கே, என்ன பணி என்பதை உதவி பெறும் மாநிலம் தீர்மானிக்கும். அந்த மாநிலம் தனியே அதிகாரம் அளிக்காவிட்டால் வெளிமாநிலக் காவலர் கைது செய்ய முடியாது. 2005இல் கத்ரினா, ரீட்டா புயல்களின்போது 65,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் தேசியக் காவற்படையினர். மின்கம்பம் நட வரும் தனியார் மின் நிறுவன ஊழியர்களையும் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் பொதுவாகத் தங்கள் துறையின் தனி ஏற்பாட்டின்படி வருபவர்கள். தேர்வில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.